பூஜையில் போய் உட்கார்ந்த இரண்டு சாவிகள்

ஏழுமலை துடுப்புக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

எழுதும்போது இது ஒரு வரி. அவருக்கு அந்த ஒரு பொட்டுக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. வலது கை மடியில் கிடந்தபோதெல்லாம் ஓயாமல் ஆடிக்கொண்டே இருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுகிற மாதிரி ஒன்றையொன்று தேய்த்தன. குங்குமக் கிண்ணத்தை நோக்கிக் கிளம்பியதும் ஆட்டம் குறைந்தது, ஆனால் கை நகர மறுத்தது. பாதி வழியில் நின்றது. நின்ற இடத்தில் மறுபடி ஆடியது. குங்குமம் வேட்டியில் சிந்தியது.

பக்கத்தில் அவர் மனைவி அஞ்சலை உட்கார்ந்திருந்தார். உதவிக்குக் கை நீட்டவில்லை.

"கைய புடிச்சா கோச்சிக்கும். அதுவே வெக்கட்டும்," என்றார் என்னிடம் தணிந்த குரலில்.

கொட்டிவாக்கம் குப்பத்தில், கடல் இரைச்சல் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும் ஒரு சின்ன வீடு. தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆயுத பூஜை, வெள்ளிக்கிழமை காலை. நான் பூஜைக்குப் போகவில்லை. ஒரு சாவி வாங்கப் போயிருந்தேன். அந்தச் சாவி துடுப்புக்கும் வலைக்கும் நடுவில் ஒரு பித்தளைத் தட்டில், ஏற்கெனவே பொட்டு வாங்கிக்கொண்டு, சாமி படத்தின் முன்னால் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

பெட்டிக்குள் இருந்தவை

இந்தத் தொடரில் எலிகள் கொஞ்சம் அதிகமாகவே ஓடுகின்றன என்று மந்தைவெளியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நியாயம்தான். இந்த வாரம் எலிகளுக்கு ஓய்வு கொடுத்துவிடுகிறேன். அவற்றின் செல்களுக்கு மட்டும் ஓய்வு தர முடியாது.

முந்தைய வாரங்களைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்போது அடையாறில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் மாடியில் எனக்கு ஓர் ஆய்வகம் இருந்தது. எலிக் கருவின் மூளையிலிருந்து ஸ்டெம் செல்களை எடுத்து வளர்ப்பது என் வேலை. ஸ்டெம் செல் என்றால் இன்னும் எதுவாகவும் ஆகாத செல். பிளஸ் டூவில் எந்த குரூப் எடுப்பது என்று முடிவு செய்யாத பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்கின்சன் நோயில் மூளையின் அடிப்பகுதியில் ஒரு சின்ன இடத்துச் செல்கள் மடிந்துபோகின்றன. டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரப்பவை அவை. கை ஆடுவதும் உடம்பு இறுகிப்போவதும் அதனால்தான். என் ஸ்டெம் செல்களை அந்த மாதிரி நரம்புச் செல்லாக மாற்ற முடிந்தால், என்றாவது ஒரு நாள் அந்த நோய்க்கு ஒரு வழி பிறக்கும். வெளியிலிருந்து யார் வந்தாலும் இதைத்தான் சொல்வேன். கல்லூரி மாணவர்கள் வந்தால் என் கையையே நடுங்க வைத்துக் காட்டி விளக்குவேன். நன்றாகவே நடிப்பேன் என்று எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

செல்கள்தான் மாறவில்லை. வளர்ச்சிக் காரணி என்று ஒரு புரதம் உண்டு, நாங்கள் ஃபேக்டர் என்போம். அதைத் தினமும் கொடுத்தால் செல்கள் பெருகி, உருண்டை உருண்டையாகத் திரளும். நிறுத்தினால் நரம்புச் செல்லாக மாறத் தொடங்கும். இது என் கண்டுபிடிப்பு அல்ல, வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வந்திருந்தது. நானும் நான்கு முறை நிறுத்திப் பார்த்தேன். நான்கு முறையும் எனக்குக் கிடைத்தவை உருண்டைகள்தான்.

அடுத்த மாதம் டெல்லியிலிருந்து ஒரு குழு வர இருந்தது. ஒரு நரம்புச் செல்லையாவது காட்டாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள் என்று இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, காபி வரவழைத்து, பக்குவமாகச் சொன்னார். எனக்கு எங்காவது வாத்தியார் வேலை கிடைத்துவிடும். அஞ்சலைக்குத்தான் போக்கிடம் இல்லை. என் திட்டம் இருக்கும்வரைதான் அவருக்கு அங்கே வேலை. இரண்டு வருடங்களாக என் புட்டிகளைக் கழுவி, எலிகளுக்குத் தீனி வைத்து, தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அவர். இரண்டு வருடத்தில் அவர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை. அந்த வெள்ளிக்கிழமை காலைவரை எனக்கு அது ஒரு குறையாகவும் படவில்லை.

பட்டுத் துணிக்கு அடியில்

வியாழன் மதியமே ஆய்வகத்தில் பூஜை முடிந்துவிட்டது. அஞ்சலை எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, நுண்ணோக்கி முதல் குளிர்பெட்டிவரை சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். செல் வளர்க்கும் பெட்டியின் கதவில் ஒரு முழம் சாமந்திச் சரம். பொரி கடலை சாப்பிட்டுவிட்டு, குழுவுக்குக் காட்டுவதற்கான புதுச் செல்களைக் கண்ணாடித் துண்டுகளில் ஒட்டவைத்து, ஃபேக்டர் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன். ஃபேக்டர் பெட்டியின் சூட்டில் ஒரு நாளைக்கு மேல் தாங்காது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விடுமுறை. முதலில் செல்கள் பெருகட்டும், பிறகு நிறுத்தலாம் என்று, நான் தினமும் வந்து கொடுத்துவிட்டுப் போவதாக ஏற்பாடு.

ஆய்வகத்துக்கு இரண்டு சாவிகள். ஒன்று அஞ்சலையிடம், ஒன்று என்னிடம்.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜை ஒரு நாள் சமாசாரம் இல்லை. மூல நட்சத்திரத்தன்று புத்தகங்களை அடுக்கினால் திருவோணத்தன்றுதான் எடுக்க வேண்டும். அந்த வருடம் மூலம் வியாழனில் வந்தது, திருவோணம் ஞாயிறில். வெள்ளிக்கிழமை காலை கைப்பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தேன். சாவியைக் காணோம். ஆய்வக நோட்டையும் காணோம்.

"ஏம்மா, என் சாவியப் பாத்தியா?"

"அம்பாள்கிட்ட வெச்சிருக்கேன்," என்றாள் அம்மா, புளிக்காய்ச்சலைக் கிளறிக்கொண்டே. "நோட்டையும் வெச்சுட்டேன். உன் ஆயுதம் அதுதானே?"

"அது இல்லாம நான் எப்படி லேப்புக்குப் போறது?"

"போகாதே. நித்தம் அலைஞ்சுண்டே இருக்கே. மூணு நாள் ஆத்துல உக்காரு. உன் எலிக்குட்டி மூளை எங்கயும் ஓடிப் போயிடாது."

கல்லூரி நாட்களில் மூடநம்பிக்கைக்கு எதிராக மேடையேறிப் பரிசு வாங்கியவள் நான். அந்தப் பரிசுப் புத்தகமும் அந்த அடுக்கில்தான் இருந்தது. பட்டுத் துணிக்கு அடியில் கையை விட்டு ஒரு சாவியை உருவ எவ்வளவு நேரம் ஆகும்? நான் உருவவில்லை. அம்மா மேல் இருந்த பயமா, சரஸ்வதி மேல் இருந்த பயமா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு திருவான்மியூர் பஸ் ஏறினேன். அங்கிருந்து வழி கேட்டுக்கொண்டு கொட்டிவாக்கம் போய்ச் சேர்ந்தேன்.

நான் சொன்ன ஒரு வார்த்தை

துடுப்பு முடிந்து வலைக்கு ஒரு பொட்டு, மீன் அரியும் அரிவாள்மணைக்கு ஒரு பொட்டு. அவர் வைத்து முடிக்கும்வரை காத்திருந்தேன். அந்தத் தட்டிலிருந்து சாவியை எடுத்துக் கொடுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. அந்தச் சாவியின் மேல் இருந்த பொட்டுக்கும் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்றேன் அஞ்சலையிடம்.

"நாலு வருசமாச்சு மேடம். நரம்புத் தளர்ச்சின்னு ஊசி போட்டுகினு இருந்தாரு ஒரு டாக்டரு. ஒண்ணியும் கேக்கல. கடலுக்குப் போயி மூணு வருசம் ஆவுது."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அஞ்சலை என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "நீங்கதான் வர்றவங்க போறவங்க கைல எல்லாம் சொல்லிகினே இருப்பீங்களே, அந்தப் பொட்டியில வளர்றது கை நடுக்கத்துக்குன்னு. வேலை முடிஞ்சதும் நீங்களே குடுப்பீங்கன்னுதான் இருந்தேன்."

ஏழுமலை தலையை நிமிர்த்தினார். முகத்தில் அசைவே இல்லை, அந்த நோய் முகத்தையும் இறுக்கிவிடும். கண்கள் மட்டும் என்னைப் பார்த்தன.

"அத்த இவருக்கு வெச்சா நடுக்கம் நிக்குமா மேடம்?" என்று கேட்டார் அஞ்சலை.

"பார்க்கலாம்," என்றேன்.

இந்த ஊரில் இந்த வார்த்தைக்கு எத்தனை உபயோகம் என்று உங்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு வர முடியாதபோது சொல்வது, கைமாற்று கேட்டால் சொல்வது. வாசலில் இறங்கி மணலில் நடக்கும்போதே எனக்கு என் மேல் வெறுப்பு வந்துவிட்டது. நான் கண்ணாடித் துண்டுகளில் வளர்த்துக்கொண்டிருந்தது எலியின் செல், அதுவும் மாற மாட்டேன் என்று அடம்பிடிக்கும் செல். மனிதனுக்கும் அதற்கும் நடுவில் எத்தனை தூரம் என்று அறிந்தவள், அந்த வீட்டில் அதைச் சொல்லாமல் தப்பித்து வந்துவிட்டேன்.

பத்தடி போனவள் திரும்பி வந்தேன். "அஞ்சலை, நாளைக்குக் காலைல இவரைக் கூட்டிக்கிட்டு தி.நகர் வாங்க. என் சிநேகிதி ஒருத்தி இதுக்கே டாக்டர். லீவ் நாள்லயும் இருப்பா. சாவியையும் எடுத்துக்கிட்டு வாங்க."

தி.நகரில் ஒரு சட்டைப் பொத்தான்

நஸீம் என்னோடு பள்ளியில் படித்தவள். நரம்பு மருத்துவர். பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு தெருவில் கிளினிக் வைத்திருந்தாள். சனிக்கிழமை காலை ஏழுமலையை நடக்கச் சொன்னாள், விரல்களைத் தட்டச் சொன்னாள், மணிக்கட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இந்தம்மா உன் லேப்லதான வேலை பாக்கறாங்க?"

"ஆமாம்."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷம்."

அவள் மருந்துச் சீட்டை எடுத்து எழுதத் தொடங்கினாள். ஏன் முன்பே கூட்டி வரவில்லை என்று கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

அந்த நோய்க்கு ஒரு மாத்திரை இருக்கிறது. புதிது அல்ல, நாங்கள் பள்ளியில் படித்த காலத்திலேயே வந்துவிட்டது. மடிந்த செல்கள் சுரக்க வேண்டியதை அந்த மாத்திரை கொஞ்ச காலத்துக்கு ஈடுகட்டும். நோயைக் குணப்படுத்தாது, ஆனால் கையைக் காலை விடுவிக்கும். எதிர்கால வைத்தியத்துக்காக எலி மூளையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எனக்கு, பக்கத்தில் புட்டி கழுவுகிறவர் வீட்டில் அந்த மாத்திரைகூடப் போய்ச் சேரவில்லை என்பது தெரியாமல் இருந்தது.

முதல் மாத்திரை கொடுத்து, இங்கேயே உட்காருங்கள், சாயங்காலம் இன்னொன்று கொடுத்துப் பார்த்துவிட்டு அளவு சொல்கிறேன் என்றாள் நஸீம். பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தோம். ஆய்வகச் சாவி என் பைக்குள் வந்துவிட்டிருந்தது. ஆட்டோ பிடித்தால் இருபது நிமிடத்தில் அடையாறு. செல்கள் ஒரு நாளைக்கு மேல் பட்டினி. நான்கைந்து முறை எழுந்து உட்கார்ந்தேன்.

மதியம் ஏழுமலைக்கு வியர்த்தது. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். காற்று வாங்கிவிட்டு, சிறிது நேரம் கழித்து அதை மாட்டினார். மெதுவாகத்தான் மாட்டினார், இரண்டு முறை நழுவியது. அஞ்சலை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாக்கற?" என்றார் ஏழுமலை.

"ஒண்ணியும் இல்ல," என்றார் அஞ்சலை. பிறகு என் காதருகே வந்து, "மூணு வருசமா நான்தான் மேடம் போட்டு உட்றேன்," என்றார். புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

நான் அன்று ஆய்வகத்துக்குப் போகவில்லை. எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்து, அவர்களை பஸ் ஏற்றிவிட்டபோது ஆறு மணி தாண்டிவிட்டது. விடுமுறை நாட்களில் ஆறு மணிக்கு நிலையத்தின் கேட்டைப் பூட்டிவிடுவார்கள்.

மூன்றாம் நாள்

ஞாயிறு காலை கதவைத் திறந்தபோது சாமந்திச் சரம் வாடித் தொங்கியது. தட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். நடுவில் எல்லாம் செத்த செல்கள் மிதந்தன. கை பழக்கத்தில் ஃபேக்டர் புட்டியைத் தேடிப் போனது. அது உறைந்து கிடந்தது, இளக வேண்டும். இளகும்வரை வேறு வேலை இல்லாததால் தட்டின் ஓரத்தைப் பார்த்தேன்.

ஓரத்தில் செல்கள் சாகவில்லை. உருண்டையாகவும் இல்லை. கண்ணாடியோடு படுத்து, ஒவ்வொன்றும் நரம்புச் செல்லைப் போல இழை விட்டிருந்தது. கோலத்தில் புள்ளிக்குப் புள்ளி இழுத்த மாதிரி ஒன்றின் இழை அடுத்ததைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் ஃபேக்டரைத் திரும்ப உறைபெட்டியில் வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா திருவோணத்துக்குச் சரஸ்வதியை எழுப்பி, என் நோட்டை மேஜை மேல் வைத்திருந்தாள். பழைய நான்கு முயற்சிகளையும் எடுத்துப் படித்தேன். நான்கு இடத்திலும் என் கையெழுத்தில் ஒரே வரி: "இரண்டாம் நாள். வாடியிருக்கின்றன. ஃபேக்டர் சேர்த்தேன்."

எங்கள் வீட்டில் யார் முகம் வாடினாலும் முதல் கேள்வி சாப்பிட்டாயா என்பதுதான். அழுதால் சாப்பாடு, தோற்றால் சாப்பாடு, காய்ச்சல் வந்தால் கஞ்சி. இரண்டாம் நாள் செல்கள் சுருங்கத்தான் செய்யும், பலவீனமானவை சாகத்தான் செய்யும். மிச்சம் இருப்பவை மூன்றாம் நாள் தங்கள் வழியைத் தேடிக்கொள்ளும். அதுவரை ஒருமுறைகூட நான் பொறுத்திருந்ததில்லை. நிறுத்தினேன் என்று குழுவுக்கு எழுதியிருந்த அறிக்கை பாதிப் பொய்.

இடுப்பில் செருகிய சாவி

தி.நகர் பாத்திரக் கடையில் வாங்கிய டிபன் டப்பாவில் ஈரத்துணி விரித்து, அதற்குள் கண்ணாடித் துண்டுகளை வைத்துச் சாயம் ஏற்றினேன். வசதியான ஆய்வகங்களில் இதற்குத் தனிப் பெட்டி உண்டு, எங்களுக்கு டப்பாதான். டோபமின் சுரக்கும் செல்கள் மட்டும் பழுப்பாகத் தெரியும். விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தன. ஆனால் இருந்தன.

ஒருமுறை வந்ததை வைத்துக்கொண்டு குழுவின் முன் நிற்க முடியாது. மறுபடி செய்ய வேண்டும். என்னை நான் நம்பவில்லை. என் சாவியையும் அஞ்சலையிடமே கொடுத்தேன். காலையில் அவர் திறந்துவிட்டு, அதே சாவி பொருந்தும் செல் அறையை மட்டும் பூட்டிவிட வேண்டும், நானே கேட்டாலும் தரக்கூடாது என்று சொல்லிவைத்தேன்.

இரண்டாம் நாள் மாலை போய் நின்றேன்.

"ஒரு நிமிஷம் குடுங்க அஞ்சலை. பாத்துட்டு வந்துடறேன்."

"இன்னிக்கு எத்தினியாவது நாளு?"

"ரெண்டு."

"அப்ப இல்ல." புட்டியைக் கழுவிக்கொண்டே இருந்தார். சாவிகள் இடுப்பில் செருகியிருந்தன.

"சும்மா பாக்கத்தான்."

"நீங்க பாத்துகினு சும்மா இருக்க மாட்டீங்க. போயி டீ சாப்டுங்க."

மூன்று முறை செய்தோம். மூன்று முறையும் இழை விட்டன. குழு வந்தபோது பழைய அறிக்கையில் விட்டுப்போன வரியைச் சொல்லிவிட்டு, சாவி கதையையும் சொன்னேன். முகம் சுளிப்பார்கள் என்று நினைத்தேன். அவர்களில் மூத்தவர் வெகு நேரம் சிரித்தார். திட்டம் இன்னும் இரண்டு வருடங்களுக்கு நீண்டது. அஞ்சலையின் வேலையும்.

இன்னொரு பொட்டு

அடுத்த வருட ஆயுத பூஜைக்கு ஏழுமலை ஆய்வகத்துக்கே வந்தார். மாத்திரை நேரம் பார்த்துக் கிளம்பி, மாடிப்படி ஏறி வந்தார். கடலுக்குப் போவதில்லை, ஆனால் கரையில் உட்கார்ந்து வலை பின்னுவதாகச் சொன்னார். அவருக்கு நுண்ணோக்கியைச் சரிசெய்து கொடுத்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது எனக்கா?" என்றார், கண்ணை எடுக்காமல்.

ஒரு வருடமாக நான் பதில் சொல்லாமல் விட்டிருந்தது அந்தக் கேள்விக்குத்தான்.

"இல்லைங்க. இது எலியோடது. மனுஷனுக்கு வர எத்தனை வருஷம் ஆகும்னு எனக்குத் தெரியாது. உங்க காலத்துல வராதுன்னுதான் நினைக்கறேன். அந்த மாத்திரையும் போகப் போக இந்த அளவுக்குக் கேக்காது. போன வருஷமே உங்க வீட்ல இதைச் சொல்லியிருக்கணும். சொல்லல. தப்பு என்னோடது."

ஏழுமலை நிமிர்ந்தார். இப்போது அந்த முகத்துக்குச் சிரிக்க வந்தது.

"நீங்க பாக்கலாம்னு சொல்லிட்டு வெளிய போனதுமே அஞ்சல சொல்லிச்சு, அந்தம்மா இல்லன்னு சொல்றாங்கன்னு. எத்தினி நாளு மனசுலயே வெச்சிகினு இருப்பீங்கன்னு பாத்துகினு இருந்தேன்."

அஞ்சலை அந்தப் பக்கம் திரும்பி சாமந்திச் சரத்தைச் சரிசெய்தார்.

ஏழுமலை குங்குமத்தைத் தொட்டு, பெட்டியின் கதவில் ஒரு பொட்டு வைத்தார். கை நிற்காமல் போய்ச் சேர்ந்தது. மறுபடி தொட்டு, அதன் கீழே இன்னொன்று வைத்தார்.

"ரெண்டாவது எதுக்கு?" என்றேன்.

"யாருக்கு வருதோ அவனுக்கு."

பிறகு பித்தளைத் தட்டை என் பக்கம் நீட்டினார். அஞ்சலையின் சாவி அதில் ஏற்கெனவே இருந்தது. பெட்டிக்குள் அன்று காலைதான் புதுச் செல்களை ஒட்டவைத்து, ஃபேக்டரை நிறுத்தியிருந்தேன். பையிலிருந்து என் சாவியை எடுத்துத் தட்டில் வைத்தேன். மூன்று நாள் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.